சாவித் துவாரத்தில் சந்தனம்

போன ஆயுத பூஜைக்குச் சற்று முன்புதான் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் புதுக் கார் வாங்கியிருந்தார். சாவியை எங்கேயும் நுழைக்க வேண்டாத கார். சாவி சும்மா சட்டைப் பையில் இருக்கும். ஒரு பொத்தானை அமுக்கினால் வண்டி கிளம்பிவிடும். பூஜையன்று அவர் அந்தப் பொத்தானுக்குச் சந்தனம் பூசி, நடுவில் குங்குமம் வைத்து, இரண்டடி பின்னால் போய் நின்று அழகு பார்த்தார். காம்பவுண்டுச் சுவரில் சாய்ந்துகொண்டு நான் சிரித்த சிரிப்பில் என் மனைவி அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வந்தாள்.

"என்னண்ணே, இப்படிச் சிரிக்கிறீங்க?" என்றார் அவர்.

"ஒண்ணுமில்ல தம்பி. இது ஓட்டை இல்லாத எடம். எம்புட்டு வேணும்னாலும் வைங்க, ஒண்ணும் ஆகாது" என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. உட்கார வைத்துப் பொரிகடலையைக் கொறித்துக்கொண்டே கதையைச் சொன்னேன். கேட்டு முடித்ததும், "இதை எழுதி வைங்கண்ணே" என்றார். ஓய்வு பெற்றவனுக்கு வேறென்ன வேலை? எழுதுகிறேன்.

மதுரையில் ஒரு பெரிய கார் ஒர்க்‌ஷாப்பில் என் ஆயுளின் பெரும்பகுதியைக் கழித்தவன் நான். ஐ.டி.ஐ. படிப்பு, அப்புறம் அப்ரண்டிஸ், அப்புறம் யாராவது கூப்பிட்டால் ஓடுகிற வேலை. அந்தக் காலம் முழுவதையும் ஒரே வரியில் சொல்லிவிடலாம்: ஸ்பானர் எடுத்துக் கொடுத்தேன், திட்டு வாங்கினேன். அதன்பிறகு எனக்கென்று ஒரு வேலை அமைந்தது. கார் பூட்டுகள். கதவுப் பூட்டு, டிக்கிப் பூட்டு, எல்லாவற்றுக்கும் மேலாக ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் சாவி போட்டுத் திருகுகிற இக்னிஷன் பூட்டு. அதற்குள்ளே இருக்கும் உருளையைத்தான் நாங்கள் சிலிண்டர் என்போம். சாவி திரும்பவில்லை என்றால் வண்டியை ஒர்க்‌ஷாப்புக்கு ஓட்டி வர முடியாது அல்லவா? அதனால் நான்தான் வீடு வீடாகப் போவேன். மதுரையில் என்னளவுக்கு அடுத்தவர் வீட்டுப் போர்ட்டிகோவில் மல்லாக்கப் படுத்தவன் யாரும் இருக்க மாட்டான்.

மனிதர்கள் சாவியை என்னென்ன பாடு படுத்துவார்கள் என்று எனக்குத்தான் தெரியும். மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் ஒரு வியாபாரி, பூ மூட்டைச் சணலை அறுக்கக் கார் சாவியைத்தான் பயன்படுத்துவார். சாவியின் பல்லெல்லாம் தேய்ந்து வழவழவென்று ஆகிவிட்டது. "கத்தி வச்சிருக்கலாம்ல அண்ணே?" என்றால், "கத்தியை எங்கயாச்சும் வச்சிட்டு மறந்துருவேன். சாவி பையிலயே இருக்குல்ல?" என்பார். அலங்காநல்லூரில் ஒருவருடைய கார்க் கதவுப் பூட்டுக்குள் குளவி மண் வைத்துக் கூடு கட்டியிருந்தது. அதைக் கலைக்கக் கூடாது என்று வீட்டில் பெண்கள் சொல்லிவிட்டார்களாம். குளவி குடும்பம் நடத்தி முடிக்கும்வரை அந்த மனிதர் இடப்பக்கக் கதவு வழியாக ஏறி, கியர்க் கம்பியைத் தாண்டித் தாண்டி வண்டி ஓட்டினார்.

என் மேலதிகாரி தேவசகாயம் சார். மெலிந்த உடம்பு, வெள்ளைச் சட்டை, அந்தச் சட்டையில் ஒருநாளும் கிரீஸ் பட்டதில்லை. நேற்று சேர்ந்தவனைக்கூட 'நீங்க' என்றுதான் கூப்பிடுவார். அவர் திட்டுகிற முறை விநோதமானது. நாம் செய்த வேலையை ஐந்து நிமிடம் குனிந்து பார்ப்பார். "ரொம்ப நல்லாப் பண்ணிருக்கீங்க கதிரேசன்" என்பார். நாம் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்போம். "இப்ப அம்புட்டையும் கழட்டிட்டு, முதல்லருந்து பண்ணுங்க" என்பார். குரல் ஒரு இம்மி உயராது. மற்ற செக்‌ஷனில் எல்லாம் கத்துகிற கத்தலில் தகரக் கூரை அதிரும். எங்கள் மூலையில் மட்டும் நூலகம் மாதிரி இருக்கும். அந்த அமைதிக்கே எங்களுக்கு வியர்க்கும்.

அவர் வைத்த முறைகள் சில உண்டு. பூட்டில் கை வைக்கும் முன் பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்ற வேண்டும். கழற்றிய ஸ்க்ரூக்களை டிபன் பாக்ஸ் மூடியில் கழற்றிய வரிசையிலேயே வைக்க வேண்டும். வேலை முடியாமல் வீட்டுக்காரர் தரும் காபியைக் குடிக்கக் கூடாது. "காபி குடிச்சிட்டா அவங்க பேச ஆரம்பிச்சிருவாங்க, நீங்க பதில் சொல்ல ஆரம்பிச்சிருவீங்க" என்பார். என்னை அவர் சரியாகவே எடை போட்டு வைத்திருந்தார்.

எங்கள் செக்‌ஷனுக்குத் தீபாவளி என்றால் அது விஜயதசமிக்கு மறுநாள்தான். போன் அடித்துக்கொண்டே இருக்கும். "சாவி உள்ள போக மாட்டேங்குது", "உள்ள போயிருச்சு, திரும்ப மாட்டேங்குது", "நேத்து வரைக்கும் நல்லாத்தாங்க இருந்துச்சு." விஷயம் இதுதான். பூஜையில் ஸ்டியரிங்குக்குச் சந்தனம் வைப்பார்கள். கியருக்கு வைப்பார்கள். கை அதே வேகத்தில் சாவித் துவாரத்துக்கும் ஒரு பொட்டு வைக்கும். பூட்டுக்குள் மெல்லிய பித்தளைத் தகடுகள் வரிசையாக ஸ்பிரிங்கில் ஆடிக்கொண்டிருக்கும். சாவியின் பல் ஒவ்வொரு தகட்டையும் சரியான மட்டத்துக்குத் தூக்கினால்தான் உருளை திரும்பும். சந்தனம் உள்ளே போய்க் காய்ந்தால் தகடு ஒன்றும் அசையாது. அன்றைக்கு நான் போகிற வீடுகளில் எல்லாம் என் விரல் மணக்கும். சாயங்காலம் வீடு திரும்பினால், "எந்தக் கல்யாணத்துக்குப் போயிட்டு வாரீங்க?" என்று மனைவி கேட்பாள்.

செல்போன் எங்கள் கைக்கு வந்த புதிதில் ஒரு வருஷம், அப்படிப்பட்ட ஒரு காலையில் வில்லாபுரத்திலிருந்து அழைப்பு வந்தது. பேசியது கற்பகம் டீச்சர். ஒரு மிஷன் பள்ளியில் கணக்கு டீச்சர் என்று பிறகு தெரிந்துகொண்டேன். "தம்பி, பன்னெண்டு மணிக்குள்ள வண்டி ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல நிக்கணும். இல்லைன்னா என் ஹெட்மிஸ்ட்ரஸ் வேலை போச்சு" என்றார்.

சாவிக்கும் ஹெட்மிஸ்ட்ரஸுக்கும் என்ன சம்பந்தம் என்று யோசித்துக்கொண்டே புது சிலிண்டர் ஒன்றை அதற்கான சாவியோடு பையில் போட்டுக்கொண்டு மொபெட்டை விரட்டினேன்.

வீட்டு வாசலில் வெள்ளை நிறச் சின்னக் கார். பழைய மாடல், சாவியில் எலெக்ட்ரானிக் சமாச்சாரம் எதுவும் கிடையாது. முன் கண்ணாடி நிறையச் சாமந்தி. டயருக்கெல்லாம் பட்டை. வண்டியின் ஒரு பக்கம் டீச்சர், மறுபக்கம் அவர் கணவர் ராமநாதன் சார். அரசு அலுவலகம் ஒன்றில் சூப்பரிண்டெண்டென்ட். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நின்றிருந்தார்கள்.

டீச்சரே விவரத்தைச் சொன்னார். அலங்காநல்லூருக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்தில் அதே நிர்வாகத்தின் பள்ளிக்கு அவரைத் தலைமை ஆசிரியையாகப் போட்டிருக்கிறார்கள். திங்கட்கிழமை சேர வேண்டும். வில்லாபுரத்திலிருந்து அங்கே பஸ் மாறி மாறிப் போனால் காலை மணி அடிப்பதற்குள் போய்ச் சேர முடியாது. காரில் போகிறேன் என்று இவர் ஓட்டக் கற்றுக்கொண்டார். சாருக்குப் பயம். லைசென்ஸ் வாங்கினால் கார் உனக்கு, வாங்காவிட்டால் புரமோஷன் வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட வேண்டும் என்று பேச்சு. பழகுநர் லைசென்ஸ் அன்றோடு முடிகிறது. அன்றைக்குத்தான் டெஸ்ட்.

"அதான் வேணும்னே சந்தனத்தை அப்பி வச்சிருக்காரு" என்றார் டீச்சர்.

"தம்பி, நான் எல்லா வருஷமும்தான் வைக்கிறேன்" என்றார் சார், என்னிடம்.

"எல்லா வருஷமும் பொட்டு வச்சாரு. இந்த வருஷம் பூசி மெழுகிருக்காரு. கேளுங்க தம்பி, அவரையே கேளுங்க."

எனக்குச் சிரிப்பு முட்டியது. சிரித்தால் அங்கேயே பலி கொடுத்துவிடுவார்கள் என்று குனிந்து துவாரத்தைப் பார்த்தேன். சந்தனம் மட்டுமில்லை. குங்குமம் இருந்தது. அதற்கு மேல் பளபளவென்று ஏதோ மிதந்தது.

"சார், உள்ள வேற என்ன ஊத்துனீங்க?"

"வெளக்கெண்ணெய்" என்றார் சார். "சும்மா ஒரு கரண்டி."

சந்தனம் தனியாக இருந்தால் உதிரும். விளக்கெண்ணெயில் குழைந்த சந்தனம் பிசின்; கழுவினாலும் மறுபடி இறுகிக்கொள்ளும், சிலிண்டரையே மாற்ற வேண்டும். என் அனுபவத்தில் அப்படி ஒரு கலவையை அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

பேட்டரி ஒயரைக் கழற்றினேன். ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள பிளாஸ்டிக் மூடியைக் கழற்றினேன். ஸ்க்ரூக்கள் டிபன் மூடிக்குப் போயின. பூட்டின் உடம்பில் ஒரு சிறு துளை தெரியும். சாவியை முதல் நிலைக்குத் திருப்பி வைத்துக்கொண்டு அந்தத் துளைக்குள் மெல்லிய கம்பியை விட்டு உள்ளே இருக்கும் பின்னை அமுக்கினால், சிலிண்டர் சாவியோடு வழுக்கிக்கொண்டு கையில் வந்துவிடும். புதியதை அதே மாதிரி சொருகினால் முடிந்தது. சுலபமான வேலை. ஒரே ஒரு சிக்கல்: பழைய சாவி முதல் நிலைக்குத் திரும்ப வேண்டும். திரும்பாததால்தானே என்னைக் கூப்பிட்டார்கள்? திரும்பவே இல்லையென்றால் டிரில் போட்டுக் குடைந்து எடுக்க வேண்டும். அதற்கு அன்றைய பகல் போதாது.

அதற்குள் தெரு கூடிவிட்டது. ஒருவர் காது குடையும் பஞ்சுக் குச்சி கொண்டுவந்தார். ஒரு அம்மா, திருஷ்டி பட்டிருக்கிறது, பூசணிக்காய் உடைக்கலாம் என்றார். "சாவியைக் குறடு போட்டுத் திருகுங்கண்ணே, வந்துரும்" என்று ஒரு ஆட்டோக்காரர் குறட்டோடேயே வந்து நின்றார். குறடு போட்டால் சாவி உடைந்து பாதி உள்ளே தங்கும். நான் தேவசகாயம் சாருக்குப் போன் போட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். விளக்கெண்ணெய் என்றதும், எத்தனை கரண்டி என்று கேட்டுக்கொண்டார்.

"முதல்ல அதைக் குளிப்பாட்டுங்க" என்றார். "ஸ்பிரே இருக்கில்ல? அடிங்க, சாவியை விட்டு எடுங்க, தொடைங்க. தண்ணி தெளிவா வர்ற வரைக்கும். அப்புறம் ஸ்டியரிங்கை ஒருத்தர் மெல்ல ஆட்டணும், சாவியை இன்னொருத்தர் திருப்பணும். பெலத்தைக் காட்டக் கூடாது. நீங்க கம்பியைப் பிடிங்க. கதிரேசன், காபி குடிக்கலையே?"

"இல்ல சார்."

"நல்லாப் பண்றீங்க" என்றார். 'அம்புட்டையும் கழட்டுங்க' என்று சொல்வதற்குள் போனை வைத்துவிட்டேன்.

கிளீனர் ஸ்பிரேயின் மெல்லிய குழாயைத் துவாரத்தில் வைத்து அடித்தேன். சிவப்பாக ஒழுகியது. கூட்டத்தில் ஒரு பெண், "ஐயோ, ரத்தம்" என்றார். மறுபடி அடித்தேன், மஞ்சளாக வந்தது. டீச்சர் உள்ளே போய்ப் பழைய துண்டாக எடுத்துவந்து கொடுத்துக்கொண்டே இருந்தார். வில்லாபுரம் தெரு முழுக்கக் கோயில் பிரகாரம் மாதிரி மணந்தது. கடைசியில் ஸ்பிரே வெள்ளையாகவே வெளியே வந்தது. சாவி முழுசாக உள்ளே போனது. ஆனால் திரும்பவில்லை. மணி பதினொன்றைத் தாண்டிவிட்டது.

அப்போதுதான் கவனித்தேன். முன் சக்கரம் வாசல் படியில் முட்டித் திரும்பிக்கிடந்தது. அந்த இறுக்கம் முழுவதும், சாவியை எடுத்தால் ஸ்டியரிங்கை அசையவிடாமல் பிடித்துக்கொள்ளும் பூட்டின் மேல். தேவசகாயம் சார் சொன்னபடி மூன்று பேர் வேண்டும். என் தலை பெடல்களுக்கு நடுவில், கால்கள் தெருவில். ராமநாதன் சார் என் மேல் மிதிக்காமல் சீட்டில் முழங்காலை மடக்கி உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்தார். டீச்சர் அந்தப் பக்கக் கதவு வழியாக எட்டிச் சாவியைப் பிடித்தார். உலகத்தில் வேறு ஆளே கிடைக்காதது போல, பேச்சு வார்த்தை இல்லாத இரண்டு பேருக்கு நடுவில் நான்.

சார் வெடுக்கென்று ஸ்டியரிங்கை இழுத்தார். "சார், தயிர் ஒறைய வச்ச பாத்திரத்தை நகட்டுற மாதிரி" என்றேன் கீழே இருந்து.

"அவருக்குத் தயிரெல்லாம் தெரியாது. எதையும் நகட்டுனதில்ல" என்றார் டீச்சர்.

"கற்பகம், இங்க பாரு" என்றார் சார். "நீ அம்புட்டு தூரம் தனியா ஓட்டிட்டுப் போகப் போற. லாரி வரும், பஸ் வரும். எனக்கு வேற என்ன செய்யத் தெரியும்? அதான் ஒரு பொட்டு வைக்கிற எடத்துல ஒரு கை வச்சேன். எண்ணெயும் நீ அவதிப்படுறியேன்னுதான் ஊத்துனேன். போகவிடாம செய்யணும்னா நான் டெஸ்டுக்கு எதுக்கு லீவு போட்டேன்?"

பெடலுக்கு நடுவில் படுத்திருந்த எனக்குக் கண் கலங்கிவிட்டது. துடைக்கக் கை இல்லை. இரண்டும் கம்பியில் இருந்தன.

"லீவு போட்டீங்களா?" என்றார் டீச்சர்.

"பின்ன? ஆபீசுக்குப் போற ஆளா இப்படி லுங்கியில நிப்பேன்?"

டீச்சர் களுக்கென்று சிரித்துவிட்டார். சிரித்ததில் அவர் கை தளர்ந்தது. சார் ஸ்டியரிங்கை இந்தப் பக்கம் மெல்ல, அந்தப் பக்கம் மெல்ல ஆட்டினார். டிக் என்று ஒரு சத்தம். சாவி திரும்பியிருந்தது. "அப்படியே! அப்படியே! ரெண்டு பேரும் மூச்சு விடாதீங்க!" என்று கத்திக்கொண்டே பின்னை அமுக்கினேன். "டீச்சர், இப்ப இழுங்க!" சிலிண்டர் டீச்சர் கையோடு போய்விட்டது. அவர் அதை உயர்த்திக் காட்ட, தெருவே கைதட்டியது. ஆட்டோக்காரர் குறட்டைத் தூக்கி ஆட்டினார்.

புது சிலிண்டரைச் சொருகினேன். பின் படக்கென்று போய் உட்கார்ந்தது. பேட்டரி ஒயரை மாட்டிவிட்டுப் புதுச் சாவியைத் திருப்பினேன். சாரின் முழங்கால் எப்போதோ வைப்பர் குச்சியைத் தட்டிவிட்டிருந்தது போலும். இரண்டு வைப்பரும் பேய் பிடித்தது போல ஆடிக் கண்ணாடியில் இருந்த சாமந்தி முழுவதையும் கூட்டத்தின் மேல் வாரி இறைத்தன. பூசணிக்காய் அம்மா தலையில்தான் அதிகம் விழுந்தது.

பிளாஸ்டிக் மூடியை மாட்ட நேரமில்லை. "தம்பி, நீங்களும் ஏறுங்க, வழியில எதுவும் நின்னுட்டா?" என்றார் டீச்சர். பின் சீட்டில் டிபன் மூடியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். லுங்கியை மாற்றிக்கொண்டு வந்த சார் முன் சீட்டில். டீச்சர் ஓட்டினார். ஒரு திருப்பத்தில் எருமை ஒன்று குறுக்கே வர, சார் இல்லாத பிரேக்கைத் தன் காலால் மிதித்தார். டீச்சர் இருக்கிற பிரேக்கை நிதானமாக மிதித்தார். நாங்கள் ஆர்.டி.ஓ. ஆபீஸில் போய் நின்றபோது ஒரு ஊழியர் கடைசிப் பெயர்களைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். வரிசை நகர்வதற்குள் நான் மூடியை மாட்டி ஸ்க்ரூக்களை முறுக்கிவிட்டேன்.

இன்ஸ்பெக்டர் வந்து ஏறியதும் நாங்கள் இருவரும் ஒரு வேப்ப மரத்தடியில் ஒதுங்கினோம். சார் மைதானத்துக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டார்.

"என்னால பாக்க முடியாது தம்பி. நீங்க சொல்லுங்க. இப்ப என்ன பண்றா?"

"கிளம்பிட்டாங்க சார்."

"இப்ப?"

"போறாங்க. திரும்புறாங்க. சார், வண்டியை நிறுத்திட்டாரு."

"யாரு?"

"இன்ஸ்பெக்டர். இன்ஜினை ஆஃப் பண்ணி மறுபடி எடுக்கச் சொல்றாரு."

இப்போது எனக்கே மரத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. நான் மாட்டிய சிலிண்டர். டீச்சர் குனிவது தெரிந்தது. வண்டி ஒரே திருப்பில் சீறிக் கிளம்பியது. நான் சாரைக் கட்டிப்பிடித்துவிட்டேன். "என்னாச்சு, என்னாச்சு?" என்று அவர் என் தோளுக்கு மேலாகத் தெருவைப் பார்த்துக் கத்தினார்.

"ரிவர்ஸ் சார்! நேரா வாராங்க சார்! கோடு போட்ட மாதிரி!"

இன்ஸ்பெக்டர் இறங்கினார். தன் விரலை முகர்ந்து பார்த்தார். "என்னம்மா, ஸ்டியரிங் இப்படி மணக்குது?" என்றார். பதிலுக்குக் காத்திராமல் கையெழுத்துப் போட்டுவிட்டு, "பாஸ். பாத்துப் போங்க" என்று அடுத்த வண்டிக்கு நகர்ந்தார்.

ராமநாதன் சார் அப்போதுதான் திரும்பினார். முகம் முழுக்கச் சிரிப்பு, கண் முழுக்கத் தண்ணீர். விறுவிறுவென்று காருக்குப் போனார். பழக்க தோஷம், நேராக ஓட்டுநர் கதவுக்குப் போய் நின்று, சாவிக்காகக் கையை நீட்டினார். டீச்சர் அந்தக் கையைப் பார்த்தார். அவரைப் பார்த்தார். சாவியைக் கொடுக்கவில்லை.

"அந்தப் பக்கமாப் போய் ஏறுங்க" என்றார்.

சார் நீட்டிய கையை மடக்கிக்கொண்டார். பிறகு காரின் முன்பக்கமாகச் சுற்றிப் போனார். போகிற வழியில் பானெட்டை ஒரு தட்டுத் தட்டிவிட்டு, இடப்பக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்தார். டீச்சர் என்னவோ சொன்னார், சார் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தார். வண்டி கிளம்பி, கேட்டைத் தாண்டி, இண்டிகேட்டர் போட்டு, ரோட்டில் திரும்பியது.

என் கருவிப் பை அந்த வண்டியின் டிக்கியில் இருந்தது. என் மொபெட் வில்லாபுரத்தில் நின்றது. கத்தியிருந்தால் நின்றிருப்பார்கள். ஆனால் எனக்கு இருந்த சந்தோஷத்தில் வாயைத் திறந்தால் சிரிப்புதான் வந்தது. அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. தேவசகாயம் சார்.

"என்ன கதிரேசன், வண்டி ஸ்டார்ட் ஆச்சா?"

"ஆச்சு சார்."

"நல்லது. இப்ப வண்டி எங்க நிக்குது?"

"நிக்கல சார்" என்றேன். "டீச்சர் ஓட்டிட்டுப் போயிட்டாங்க."